முதலில் ஓட்டம், பிறகு பெயர்கள்: இதயப் பாடம் எடுக்கப் புதிதாக வருவோருக்கு

தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில், கோவிலை ஒட்டிய ஒரு மண்டபத்தில், சனிக்கிழமை காலைகளில் 9, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் துணை வகுப்பு எடுத்துவருகிறேன். தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் இங்கே வந்து சேரும் ஆசிரியர்கள் எங்களுடன் கைகொடுக்க முன்வரும்போது அவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் இந்தப் பாடம்தான்: ரத்தம், ரத்தக்குழாய், இதயம். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் ஆண்டில் நான் கரும்பலகை நிறைய இதயத்தின் படம் வரைந்தேன். நான்கு அறைகள், வால்வுகள், பெருந்தமனி, மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை என்று அம்புக்குறி இட்டுப் பெயர் எழுதினேன். பிள்ளைகள் அழகாகப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். தேர்வில் பெயர்கள் எல்லாம் சரியாக வந்தன. ‘இடது வெண்ட்ரிக்கிளின் (கீழறையின்) சுவர் ஏன் தடித்திருக்கிறது?’ என்ற ஒரு கேள்விக்கு மட்டும், 22 பேரில் 19 பேர் விடைக்கான இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். அந்த 19 வெற்றிடங்களைப் பார்த்த இரவில்தான் பாடத்தின் வரிசையைத் தலைகீழாக மாற்றினேன். ரத்தம் ஓடுவதைப் பிள்ளைகள் முதலில் தங்கள் உடம்பில் தொட்டு உணர வேண்டும். எங்கே ஓடுகிறது, ஏன் திரும்பி வருகிறது என்று அவர்களே கேட்க வேண்டும். பெயர்கள் அதற்குப் பிறகு வந்தால் போதும். அப்போது அவை ஒட்டிக்கொள்ளும்.

ஆறு சனிக்கிழமைகள் தேவைப்படும். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம்.

வகுப்புக்கு முன்பு

சொற்களை முடிவு செய்துகொள்ளுங்கள். இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாயையும், திரும்பக் கொண்டுவரும் குழாயையும் தமிழ்நாட்டுப் பாடநூலில் படித்தவர் தமனி, சிரை என்பார். இலங்கையில் படித்தவர் அவற்றையே நாடி, நாளம் என்பார். தமிழ்நாட்டுக்காரர் காதில் ‘நாடி’ என்றால் மணிக்கட்டுத் துடிப்பு. ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் பிள்ளைகள் குழம்பிப்போகிறார்கள். அது எங்களுக்கு நடந்திருக்கிறது. பிள்ளைகள் தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறார்கள், ஆகவே ஆங்கிலச் சொல் கட்டாயம். ஆனாலும் அதன் அருகில் ஒரு தமிழ்ச் சொல்லையும் எழுதுங்கள். எங்கள் வகுப்பில் சுலு பேசும் பிள்ளைகளும் உண்டு. இதயத்துக்கு ‘இன்ஹ்லிசியோ’, ரத்தத்துக்கு ‘இகாசி’ என்று அவர்களே பலகையில் வந்து எழுதுவார்கள். வீட்டுச் சொல் பலகையில் ஏறியதும் பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

காணொளியை நம்பி வகுப்பைத் திட்டமிடாதீர்கள். மின்வெட்டு எப்போது வரும் என்று இங்கே யாரும் உறுதி சொல்ல முடியாது. கீழே சொல்லும் எதற்கும் மின்சாரம் வேண்டாம்.

இன்னொன்று, மிக முக்கியமானது: ஊசி, லான்செட் எதுவும் வகுப்புக்குள் வரக்கூடாது. விரலில் குத்தி ரத்தப்பிரிவு பார்க்கும் செய்முறையை ஊரில் படித்த காலத்தில் நீங்கள் செய்திருக்கலாம். குவாசுலு-நட்டால் மாகாணத்தில் எச்ஐவி தொற்றுடன் வாழ்பவர்கள் ஏராளம். உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒருவர் நாள்தோறும் அதற்கு மாத்திரை எடுப்பவராக இருக்கலாம். தாயை அதற்குப் பறிகொடுத்தவராக இருக்கலாம். ஆகவே ‘கெட்ட ரத்தம்’, ‘சுத்த ரத்தம்’ என்ற சொற்களையும் விட்டுவிடுங்கள். ஆக்சிஜன் மிகுந்த ரத்தம், ஆக்சிஜன் குறைந்த ரத்தம் என்றே சொல்லுங்கள். அசுத்த ரத்தம் என்று நம் பழைய பாடநூல்கள் எழுதியதை நாவிலிருந்து அகற்ற எனக்கே சில காலம் பிடித்தது.

முதல் சனிக்கிழமை: மணிக்கட்டு

புத்தகம் மூடியே இருக்கட்டும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மறு கையின் கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டின் பள்ளத்தில் வைக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலால் பார்க்கக்கூடாது, கட்டைவிரலில் தெரியும் சொந்தத் துடிப்பு எண்ணிக்கையைக் குழப்பும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். முதலில் உட்கார்ந்து, அடுத்து எழுந்து நின்று, பிறகு மண்டபப் படியில் ஒரு நிமிடம் ஏறி இறங்கி. மூன்று எண்களையும் எல்லோரும் பலகையில் எழுத வேண்டும்.

ஆஸ்துமா உள்ளவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள் படியேறக்கூடாது. முந்தைய வாரமே தனியாகக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்; அவர்களுக்குக் கடிகாரம் பார்க்கும் பொறுப்பைக் கொடுங்கள். யாரும் ஒதுக்கப்பட்டதாக உணர மாட்டார்கள்.

உட்கார்ந்திருக்கும்போது பெரும்பாலும் 60க்கும் 100க்கும் இடையில் எண்கள் வரும். யாருக்காவது 58 வந்து அவர் பயந்தால், காம்ரேட்ஸ் மாரத்தானைப் பற்றிச் சொல்லுங்கள். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையில் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடும் அந்தப் பந்தயம் 1921இல் தொடங்கியது. அதை ஓடப் பல ஆண்டுகள் பயிற்சி எடுத்தவர்களில் சிலருக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 50க்கும் குறைவாகவே துடிக்கும். ஒரு துடிப்பில் அதிக ரத்தம் தள்ளும் இதயத்துக்கு அத்தனை முறை துடிக்க வேண்டிய தேவையில்லை.

பிறகு ஒரு புனலையும் ரப்பர்க் குழாயையும் இணைத்து நெஞ்சில் வைத்து அவரவர் ஒலியை அவரவரே கேட்கட்டும். 1816இல் லெனெக் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு பெண்ணின் மார்பில் காதை வைக்கக் கூச்சப்பட்டுக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்தது அப்படித்தான். அந்தக் கூச்சம் 15 வயதுப் பிள்ளைகளுக்கும் உண்டு, அதை மதியுங்கள். ‘லப்-டப்’ என்பது என்ன ஒலி என்று கேளுங்கள். இதயம் விலா எலும்பில் மோதுகிறது என்று பாதிப்பேர் சொல்வார்கள். வால்வுகள் மூடும் ஒலி என்ற விடையை இன்று சொல்லவேண்டாம். நெஞ்சில் இருக்கும் இதயத்தின் துடிப்பு மணிக்கட்டுக்கு எப்படி வந்தது என்ற கேள்வியையும் அப்படியே விட்டு வீட்டுக்கு அனுப்புங்கள்.

இரண்டாம் சனிக்கிழமை: இரண்டு வாளிகள்

இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் ஆண்டு முழுவதும் காத்திருக்கிறேன்.

இரண்டு வாளி, 5 லிட்டர் தண்ணீர், ஒரு சிறிய தயிர்க் கிண்ணம். கிண்ணத்தில் 70 மில்லிலிட்டருக்குப் பேனாவால் கோடு போடுங்கள். வளர்ந்த ஒருவரின் இதயம் ஓய்வில் ஒரு துடிப்புக்குத் தள்ளும் அளவு ஏறக்குறைய அவ்வளவுதான். உடம்பிலுள்ள மொத்த ரத்தம் சுமார் 5 லிட்டர். பெரிய கூல்டிரிங்க் பாட்டிலில் இரண்டரை. இப்போது ஒரு பிள்ளை, நிமிடத்துக்கு 72 முறை என்ற வேகத்தில், முதல் வாளியிலிருந்து இரண்டாவதுக்கு முகந்து ஊற்ற வேண்டும். மற்றவர்கள் தாளம் தட்டட்டும்.

20 விநாடிக்குள் கை தளர்ந்துவிடும். தண்ணீர் சிந்தும். சிரிப்பு எழும். ஆள் மாற்றுங்கள். நிமிடம் முடிவதற்குள் நான்கு பேராவது மாறியிருப்பார்கள். பிறகு பலகையில் கணக்கு: 70 × 72 = 5,040. அதாவது உடம்பிலுள்ள ரத்தம் முழுவதும் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் இதயத்தைக் கடந்துவிடுகிறது. அரை மணி நேரத்துக்கு 150 லிட்டர். ஒரு நாளைக்கு 7,200 லிட்டருக்கு மேல்.

இங்கே நிறுத்திக் கேளுங்கள்: அரை மணி நேரத்தில் 150 லிட்டரை உடம்பு எங்கிருந்து கொண்டுவருகிறது?

1,400 ஆண்டுகளுக்கு மேல் மேற்குலக மருத்துவம் நம்பியது பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னதை: ரத்தம் கல்லீரலில் புதிது புதிதாக உண்டாகி, உடம்பால் உறிஞ்சப்பட்டுத் தீர்ந்துவிடுகிறது என்று. வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய மருத்துவர் உங்கள் பிள்ளைகள் செய்த இதே கணக்கைத்தான் போட்டார். அவ்வளவு ரத்தத்தை எந்த உணவாலும் உண்டாக்க முடியாது. ஆகவே அதே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வரவேண்டும் என்று 1628இல் வெளியிட்டார். என் வகுப்பில் ஒரு பையன் பதில் எதுவும் சொல்லாமல் எழுந்து போய், இரண்டாம் வாளியைத் தூக்கி முதல் வாளியில் ஊற்றினான். அதன்பின் சுற்றோட்டம் என்ற சொல்லை நான் விளக்கவே தேவைப்படவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை: புறங்கையும் பருப்புப் பாட்டிலும்

தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்பதை ஹார்வியால் பார்க்க முடியவில்லை. 1661இல் மல்பீகி என்ற இத்தாலிய மருத்துவர் நுண்ணோக்கியில் தவளையின் நுரையீரலைப் பார்த்தபோது, இரண்டையும் இணைக்கும் நுண்குழாய்களான தந்துகிகள் தெரிந்தன. நம்மிடம் நுண்ணோக்கி இல்லாவிட்டால், நகம் இருக்கிறது. விரல் நகத்தை அழுத்தினால் அடியில் வெளுக்கும். விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பும். தந்துகிகளில் ரத்தம் நிறைவதைத்தான் பார்க்கிறோம். அவற்றின் சுவர் ஒரே ஒரு செல்லின் தடிப்புதான். சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நுழைந்து போகும் அளவுக்குக் குறுகல்.

சிரையின் வால்வைக் காட்ட உங்கள் கையையே பயன்படுத்துங்கள். பிள்ளைகளின் கையில் சிரை சரியாகத் தெரியாது; 50ஐத் தாண்டிய என் புறங்கையில் நன்றாகத் தெரிகிறது. கையைச் சிறிது நேரம் தொங்கவிடுங்கள். புடைத்த ஒரு சிரையின் மேல், விரல்கள் இருக்கும் பக்கம் ஓரிடத்தில் ஒரு விரலால் அழுத்திப் பிடியுங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக நீவி விடுங்கள். நீவிய விரலை எடுத்த பிறகும் அந்தப் பகுதி தட்டையாகவே கிடக்கும். மேலே போன ரத்தம் திரும்பி இறங்காது. வால்வு தடுக்கிறது. கீழே அழுத்திய விரலை எடுத்ததும் சட்டென்று நிரம்பும். பிள்ளைகளை மூன்று மூன்று பேராக அருகில் அழைத்துக் காட்டுங்கள், தூரத்திலிருந்து தெரியாது. கயிறு கட்டி இறுக்கவேண்டாம்.

இந்த இடத்தில் நான் ஒரு வரி சொல்லிக்கொடுப்பேன்: தமனி தள்ளும், சிரை சேர்க்கும். இதயத்திலிருந்து வெளியே தள்ளுவது தமனி. இதயத்தில் கொண்டுவந்து சேர்ப்பது சிரை. தமனி என்றால் ஆக்சிஜன் மிகுந்தது என்று மனப்பாடம் செய்தவர்கள் நுரையீரல் தமனியில் வந்து மாட்டிக்கொள்வார்கள். திசையைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் வராது.

பிறகு ரத்தம். ஒரு லிட்டர் பாட்டிலில் 450 மில்லிலிட்டர் அளவுக்கு மைசூர்ப் பருப்பு, 550 மில்லிலிட்டர் வெளிர்மஞ்சள் தண்ணீர். பருப்பு சிவப்பணு, தண்ணீர் பிளாஸ்மா என்ற ரத்தத்தின் நீர்ப்பகுதி. வெள்ளையணுவுக்கு வெள்ளை மொச்சை, ரத்தத் தட்டுக்குக் கசகசா. எத்தனை போடுவது என்பதுதான் பாடம். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சிவப்பணு சுமார் 50 லட்சம், வெள்ளையணு சுமார் 7,000, தட்டுகள் சுமார் 2.5 லட்சம். ஆக, 700 பருப்புக்கு ஒரு மொச்சை, 35 கசகசா. மொச்சையை அள்ளிக் கொட்ட வந்த கைகள் இந்தக் கணக்கைப் பார்த்ததும் நின்றுவிடும். வகுப்பு முடிந்தவுடன் வடித்துவிடுங்கள். பருப்பு ஊறினால் கன அளவு கூடிக் கணக்குக் கெட்டுவிடும்.

சிவப்பணுவை வடை போல வரைபவர்கள் அதிகம். உளுந்து வடையில் ஓட்டை உண்டு. சிவப்பணுவில் ஓட்டை இல்லை, இருபுறமும் அமுங்கிய குழிதான். அதில் உட்கரு இல்லை, அதனால்தான் 120 நாளில் அதன் காலம் முடிகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். ரத்தம் சிரையில் நீலமாக இருக்கிறது என்று நம்பும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். பாடநூல் படத்தின் நீல வண்ணமும், தோலுக்கு மேலிருந்து பார்க்கும் கண்ணும் செய்யும் வேலை அது. ஆக்சிஜன் குறைந்த ரத்தம் அடர்சிவப்பு.

நான்காம் சனிக்கிழமை: ஆட்டு இதயம்

மாட்டு இதயம் பெரியது, பார்ப்பதற்கு வசதி. ஆனாலும் வாங்காதீர்கள், நம் வீடுகளில் பலருக்கு அது மனதைப் புண்படுத்தும். பன்றி இதயத்தை முஸ்லிம் பிள்ளைகள் தொட மாட்டார்கள். ஹலால் இறைச்சிக் கடையில் ஆட்டு இதயம் வாங்கினால் யாருக்கும் மனக்குறை இராது. புரட்டாசி மாதத்திலும் காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களிலும் இந்த வகுப்பை வைக்காதீர்கள். ஆண்டு முழுவதும் சைவமாக இருப்பவர்கள் தள்ளி உட்கார்ந்து படம் வரையட்டும். அவர்கள் வரைந்ததைத்தான் பிறகு வகுப்பே பார்த்து எழுதப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

கடைக்காரரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். மேலே உள்ள பெரிய குழாய்களை ஒட்ட நறுக்கிவிடுவது அவர்கள் வழக்கம். குழாய்கள் இரண்டு விரல் நீளமாவது இருக்கட்டும் என்று கேளுங்கள். அறுப்புக்கூடத்தில் சோதனைக்காக இதயத்தைக் கீறிப் பார்ப்பதும் உண்டு. நான்கைந்து வாங்கினால்தான் கீறல் குறைந்த ஒன்று கிடைக்கும். முந்தைய இரவு குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறைய வேண்டாம். குளிர்ந்த நீரில் உள்ளே உறைந்திருக்கும் ரத்தக்கட்டிகளைக் கழுவி எடுங்கள். கையுறை, செய்தித்தாள், ஒரு கத்தரி, ஒரு அளவுகோல், மழுங்கிய பென்சில் ஆகியவை போதும். கத்தி உங்கள் கையில் மட்டும்.

முன்புறம் எது என்று முதலில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கொழுப்பு படிந்த ஒரு பள்ளம் சாய்வாக ஓடும் பக்கம்தான் முன்புறம். அதை உங்களை நோக்கி வைத்தால், இதயத்தின் இடது உங்கள் வலப்பக்கம் வரும். இது பெரியவர்களையே குழப்பும். எதிரில் நிற்கும் மனிதரின் நெஞ்சாக எண்ணிக்கொள்ளச் சொல்லுங்கள். இப்போது இரு பக்கமும் அமுக்கிப் பார்க்கட்டும். ஒரு பக்கம் கெட்டியாக எதிர்த்து நிற்கும். மறுபக்கம் மெத்தென்று உள்ளே போகும். கெட்டிப் பக்கம் இடது வெண்ட்ரிக்கிள்.

பென்சிலை மேலே உள்ள தடித்த சுவர்க் குழாய்களுக்குள் மெதுவாக விட்டால், ஒன்று இடது அறைக்குள் இறங்கும், மற்றது வலது அறைக்குள். முதலாவது பெருந்தமனி, இரண்டாவது நுரையீரல் தமனி. பெருந்தமனியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீறல் இல்லாத இதயமாக இருந்தால் நீர் கீழே இறங்காமல் சற்று நேரம் நிற்கும். எட்டிப் பார்த்தால் மூன்று பிறைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வழியை அடைத்திருப்பது தெரியும். முதல் நாள் கேட்ட ‘டப்’ ஒலி இந்தக் கதவு மூடும் ஒலி என்று அப்போது சொல்லுங்கள்.

பிறகு கத்தரியால் இடது பக்கச் சுவரை மேலிருந்து நுனிவரை திறந்து, வலது பக்கத்தையும் திறந்து, இரு சுவர்களின் தடிப்பையும் அளவுகோலால் அளக்கட்டும். இடது, வலதைப்போல இரண்டு மூன்று மடங்கு வரும். காரணத்தை நீங்கள் சொல்லாதீர்கள். ‘வலது பக்கத்து ரத்தம் எவ்வளவு தூரம் போகிறது? இடது பக்கத்து ரத்தம்?’ என்று மட்டும் கேளுங்கள். நுரையீரல் பக்கத்து வீடு. கால் பெருவிரல் தொலைவு. பதில் தானாக வரும். ஒட்டகச்சிவிங்கியையும் கேளுங்கள். ஹ்லுஹ்லுவே காப்பகத்துக்குச் சுற்றுலா போன பிள்ளைகள் இருப்பார்கள். ஏறக்குறைய இரண்டு மீட்டர் கழுத்துக்கு மேலே மூளைக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். அதன் ரத்த அழுத்தம் மனிதனுடையதைப்போல இரண்டு மடங்கு, இடது வெண்ட்ரிக்கிளின் சுவரும் அதற்கேற்பத் தடிப்பு.

உள்ளே வெள்ளை நூல்கள் தெரியும். வால்வின் இதழ்களைச் சுவரோடு இழுத்துக் கட்டியிருப்பவை அவை. இதய நாண்கள் என்பது பெயர். வில்லின் நாண் நினைவுக்கு வரட்டும். ஒன்றை விரலால் இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எளிதில் அறாது. இதழ் பின்பக்கமாகப் புரண்டுவிடாமல் காப்பது இந்த நூல்தான். என் வகுப்பில் மிகவும் முகம் சுளித்துத் தள்ளி நின்ற பெண்தான் அன்று அதைக் கடைசிவரை விடாமல் பிடித்திருந்தாள்.

கடைசியாக ஒன்றைத் தவறவிடாதீர்கள். பெருந்தமனியை நீளவாக்கில் திறந்தால், வால்வுக்குச் சற்று மேலே இரண்டு சிறிய துளைகள் இருக்கும். இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகளின் வாய் அது. இதயத்தின் அறைகளில் எவ்வளவு ரத்தம் நிறைந்திருந்தாலும், அதன் தடித்த தசைக்கு வேண்டியது இந்த இரண்டு வாய்கள் வழியாகத்தான் போகவேண்டும். பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு மாரடைப்பின் நினைவு இருக்கிறது.

முடிந்ததும் எல்லாவற்றையும் இரட்டைப் பையில் கட்டி அகற்றுங்கள். மேசையை ப்ளீச் ஊற்றித் துடையுங்கள். கைகளைச் சோப்பால் கழுவாமல் யாரும் வெளியே போகக்கூடாது.

ஐந்தாம் சனிக்கிழமை: இப்போது பெயர்கள், பிறகு கேப் டவுன்

இப்போது புத்தகத்தைத் திறக்கலாம். பாதையைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து பிள்ளைகளை நடக்க வையுங்கள். கையில் சிவப்பு அட்டை ஆக்சிஜன். கால் விரலில் கொடுத்துவிட்டு, நுரையீரலில் மறுபடி வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு சுற்றில் இதயத்துக்குள் இரண்டு முறை நுழைந்தார்களா என்று பாருங்கள். இரட்டைச் சுற்றோட்டம் அவ்வளவுதான். இதற்கு அரை மணி போதும்.

மீதி அரை மணியை இந்த நாட்டின் கதைக்குக் கொடுங்கள். 1967 டிசம்பர் 3ஆம் தேதி, கேப் டவுனின் குரூட் ஷூர் மருத்துவமனையில், கிறிஸ்டியான் பர்னார்ட் ஒரு மனித இதயத்தை இன்னொரு மனிதருக்குப் பொருத்தினார். உலகில் அதுவே முதல் முறை. கார் விபத்தில் மூளை சிதைந்துபோன டெனிஸ் டார்வல் என்ற இளம்பெண்ணின் இதயம் அது. பெற்றுக்கொண்டவர் லூயி வாஷ்கான்ஸ்கி என்ற மளிகை வணிகர். 18 நாட்கள் வாழ்ந்தார். இதயம் நன்றாகவே இயங்கியது. அவர் இறந்தது நிமோனியாவால். ஏன் என்று கேளுங்கள். புதிய இதயத்தை அந்நியமாகக் கருதி வெள்ளையணுக்கள் தாக்காமல் இருக்க அவற்றை மருந்தால் அடக்கியிருந்தார்கள். அடங்கிய வெள்ளையணுக்களால் கிருமியையும் எதிர்க்க முடியவில்லை. பருப்புப் பாட்டிலின் அந்த ஒற்றை மொச்சை பிள்ளைகளுக்கு இங்கே மறுபடி நினைவுக்கு வரும்.

இன்னொரு கேள்வி: வெட்டி எடுத்த இதயத்தில் நரம்புகள் அறுந்துவிட்டன. யார் சொல்லி அது துடித்தது? இதயத்தின் வலது ஆரிக்கிளில் (மேலறையில்) இருக்கும் முடிச்சே தாளத்தை எழுப்புகிறது. நரம்புகள் அந்தத் தாளத்தைக் கூட்டவோ குறைக்கவோ மட்டும் செய்கின்றன. பேஸ்மேக்கர் பற்றிய பாடத்துக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

1968 ஜனவரி 2ஆம் தேதி இரண்டாவது நோயாளி, பல் மருத்துவர் பிலிப் பிளைபர்க். அவர் வெள்ளையர். அவருக்குப் பொருத்தியது, அன்றைய அரசு ‘கலர்ட்’ (கலப்பினத்தவர்) என்று வகைப்படுத்தியிருந்த கிளைவ் ஹாப்ட்டின் இதயம். கடற்கரையும் பெஞ்சும் நிறத்தால் பிரிக்கப்பட்டிருந்த காலம். நம் பிள்ளைகளின் தாத்தா பாட்டிமார் அதே சட்டங்களால் வீடு இழந்து சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்ட காலம். பிளைபர்க் 19 மாதம் அந்த இதயத்துடன் வாழ்ந்தார். இதைச் சொல்லிவிட்டு நான் விளக்கம் எதுவும் சேர்ப்பதில்லை.

ஹாமில்டன் நாக்கியைப் பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள். கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் தோட்ட வேலைக்குச் சேர்ந்து, ஆய்வுக்கூடத்தில் விலங்குகளுக்கு உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்வதில் தேர்ந்து, மருத்துவர்களுக்கே கற்றுக்கொடுத்தவர் அவர். 2003இல் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. 1967 அறுவையில் அவரும் இருந்தார் என்று பரவிய செய்தி உண்மையல்ல. உண்மையாகச் செய்ததே பெரிது. அதை மட்டும் சொல்லுங்கள்.

ஆறாம் சனிக்கிழமை: வீட்டுக் கேள்விகள்

தென்னாப்பிரிக்க இந்தியர்களிடையே மாரடைப்பும் சர்க்கரை நோயும் மிகுதி. வீட்டுப் பெரியவர்கள் ‘சுகர்’, ‘பிரஷர்’ என்று ஊரில் சொல்வதுபோலவே இங்கேயும் சொல்கிறார்கள். தெரிந்த செவிலியர் யாராவது இருந்தால் அழுத்தமானியுடன் அழையுங்கள். 120/80 என்பதில் மேல் எண் வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது, கீழ் எண் தளரும்போது என்று காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளின் எண்களை உரக்க வாசிக்கவேண்டாம். உப்பு, ஊறுகாய், சிகரெட் என்று பட்டியலிட்டு உபதேசம் செய்யவும் வேண்டாம். அந்த இரண்டு துளைகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு வாக்கியம் போதும்.

காவடியைப் பற்றிய கேள்வி எப்படியும் வரும்: வேல் குத்தும்போது ஏன் ரத்தம் கொட்டுவதில்லை? பக்தியைக் குறைத்துப் பேசாமல், தெரிந்ததைச் சொல்லுங்கள். மெல்லிய கூர்முனை பெரிய தமனியைத் தொடாமல் போகிறது. உள்ளே நிற்கும் வரை அதுவே காயத்தை அழுத்தி அடைத்து வைக்கிறது. சிறு குழாய்கள் சுருங்குகின்றன, ரத்தத் தட்டுகள் வந்து ஒட்டுகின்றன. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் வேல் குத்துவதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்த நாட்டில் 16 வயது நிரம்பி, குறைந்தது 50 கிலோ எடை இருந்தால் ரத்த தானம் செய்யலாம். 10ஆம் வகுப்பில் சிலர் அந்த வயதைத் தொட்டிருப்பார்கள். தென்னாப்பிரிக்க தேசிய ரத்தச் சேவையின் முகாமுக்கு ஒரு முறை கூட்டிச் சென்று பார்க்க வையுங்கள். கொடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்; கொடுக்க முடியாத காரணம் சிலருக்கு இருக்கும், அதை அவர்கள் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

சென்ற ஆண்டு இந்த வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: ‘மேடம், தாத்தாவுக்கு நெஞ்சில்தானே பைபாஸ் ஆபரேஷன்? காலில் ஏன் இவ்வளவு நீளத் தழும்பு?’ அடைபட்ட கரோனரி தமனியைச் சுற்றி மாற்றுவழி போடக் காலிலிருந்து ஒரு சிரையை எடுப்பார்கள் என்றேன். மண்டபம் ஒரு கணம் அமைதியாக இருந்தது. பின்வரிசையில், ஆறு வாரமும் வாய் திறக்காத ஒரு பையன் தன் புறங்கையைத் தடவியபடியே கேட்டான்: ‘சிரையில் வால்வு இருக்குமே, மேடம். அப்படியே வைத்துத் தைத்தால் ரத்தம் போகாதே?’ நான் பதில் சொல்வதற்குள் அந்த மாணவியே ‘அப்படியானால் திருப்பி வைத்துத் தைத்திருப்பார்கள்’ என்றாள். அறுவை மருத்துவர்கள் செய்வதும் அதுதான். சிரையின் முனைகளை மாற்றி, வால்வு ஓட்டத்தின் திசையில் திறக்கும்படி வைக்கிறார்கள்.

பெயர் எழுதும் கேள்வியை நான் இப்போது இரண்டு மதிப்பெண்ணுக்குக் குறைத்துவிட்டேன். பெரிய கேள்வி இதுதான்: ‘காலிலிருந்து எடுத்த சிரையை இதயத்தில் எந்தப் பக்கமாகத் திருப்பித் தைக்க வேண்டும்? ஏன்? படம் வரைந்து காட்டுக.’ விடைக்கு முழுப் பக்கம் இடம் விடுங்கள். அரைப் பக்கம் விட்டபோது போதவில்லை என்று தாள் கேட்டார்கள்.